ஏரிக்குப் பேசியவள்

ஆறாம் வகுப்பின் டான்ஸ் முடிந்தால் அடுத்து நாடகம். முடிய வேண்டுமே. முப்பது பிள்ளைகள், முப்பது ஜிகினாச் சட்டை, நாலைந்து சினிமாப் பாட்டைக் கத்தரித்து ஒட்டிய ஒரு பாட்டு; ஒட்டிய இடம் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கணம் திகைத்து நின்று, அப்புறம் மறுபடி இடுப்பை ஆட்டினார்கள். நல்ல நிறமாக இருக்கிற பிள்ளைகள் முன்வரிசையில், மற்றவை பின்னால். டான்ஸ் மாஸ்டருக்கு இதில் ஒரு வருஷமும் தப்பு நேர்ந்ததில்லை. மேடைப் பலகை அதிர்ந்தது. பக்கத் திரைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசிக்கு அந்த அதிர்வு செருப்பு வழியாக ஏறிக் கடைவாய்ப் பல்லில் வந்து நின்றது. பள்ளிக்கூடத்தில் அவள் அரசி மிஸ். நாடக டீச்சர் என்று அவளாகத்தான் சொல்லிக்கொள்கிறாள். டைம்டேபிளில் அவள் வகுப்புக்குப் பெயர் 'ஆக்டிவிட்டி'. அந்த ஆக்டிவிட்டியைக் கணக்கு வாத்தியார் டெஸ்ட் வைக்க வேண்டும் என்று கடன் கேட்டு வாங்கிப் போவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. இப்படிக் கிள்ளிக் கிள்ளிப் போனது போக மிஞ்சிய நேரத்தில் அவள் ஒரு நாடகத்தைச் செய்து முடித்திருந்தாள். அதைப் பெருமையாக நினைக்கலாம். நினைக்க முடியவில்லை. எதிர்ப்பக்கத் திரையோரம் ஒரு நீலப் புடவை தெரிந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று குனிந்தாள், குனிந்த வேகத்திலேயே நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பு அஜிதா, தனக்கு வரப்போகிற மேடையைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

வயிற்றின் மேல். அது நான் சொல்லிக்கொடுத்தது, என்று நினைத்தாள். குரல் தொண்டையில் இல்லை, இங்கே இருக்கிறது, இங்கே. ஹாலில் எல்லாரையும் மல்லாந்து படுக்கச் சொல்லி வயிற்றில் டிபன் பாக்ஸை வைத்து, மூச்சை இழுத்தால் பாக்ஸ் ஏற வேண்டும், விட்டால் இறங்க வேண்டும் என்று சொன்ன நாள். பையன்கள் சிரித்தே பாக்ஸைக் கவிழ்த்தார்கள். அஜிதாவின் பாக்ஸ் மட்டும் நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது. உள்ளே தயிர்சாதம், மேலே மூடி, கீழே அந்தப் பெண்ணின் அடிவயிறு. அவளைக் கண்டுபிடித்ததே மைதானத்தில்தான். கோ-கோ விளையாட்டில் தன் பக்கத்துப் பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தாள். "எந்திரிச்சு ஓடுடி, தூங்கறயா?" அரசி மாடியில் நின்றிருந்தாள், பக்கத்தில் நின்று சொன்னதுபோல் கேட்டது. கரகரத்த, கனமான, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற குரல். இந்த வருஷம் தீம் தண்ணீர் என்று மேலேயிருந்து உத்தரவு வந்திருந்தது. பேருந்து நிலையமாகிப் போன ஓர் ஏரி, மழைநாளில் பெண்ணாக எழுந்து வந்து ஊரைப் பார்த்துப் பேசுகிறது என்று அரசி எழுதி வைத்திருந்தாள், ஏரிக்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தாள். மைதானத்தில் ஏரி நின்றுகொண்டு எவளையோ திட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அன்றைக்குப் படிக்கட்டை இரண்டு இரண்டாகத் தாண்டி இறங்கினாள், இந்த வயசில்.

தண்ணீர் கேட்கிற வரி. அதுதான் முள் மாதிரி நிற்கிறது. ஒத்திகையில் கடைசிப் பேச்சின் நடுவில் அஜிதாவுக்கு வசனம் மறந்துவிட்டது. நின்றாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள். அரசி எடுத்துக் கொடுக்க வாயைத் திறப்பதற்குள் அஜிதா, ஊர்க்காரர்களாக நின்ற பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பார்த்து, "எனக்குத் தாகமா இருக்குதுங்க," என்றாள். ஏரி சொல்கிறது, தாகம் என்று. அரசிக்குக் கை முடியெல்லாம் எழுந்து நின்றது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். அதெல்லாம் பொய் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு ஸ்கூட்டரில் போகும்போது வேறொன்றும் இருந்தது, அதுவும் பொய் இல்லை: இந்த வரி எனக்கு ஏன் வரவில்லை. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நான் எழுதியதில் நீதி இருக்கிறது, கோபம் இருக்கிறது, அடுக்கு மொழி இருக்கிறது, இந்தத் தாகம் இல்லையே. நாடகத்தில் எம்.ஏ. படித்தவள் நான். புதுச்சேரியில் கடற்கரையில் விடியற்காலையில் குரல் பயிற்சி செய்தவள். அலைக்கு மேலாக என் குரல் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி ரத்தச் சுவை தொண்டையில் ஏறியவள். ஸ்கூட்டர் ஹாரனை அநாவசியமாக ஓங்கி அடித்தாள். எருமை ஒன்று ஒதுங்காமல் நின்று பார்த்தது. பொறாமை என்று சொல்லிவிடலாம்தான், ஒரு பதினாலு வயசுப் பெண்ணின் மேல். சொல்லிவிட்டால் மட்டும் என்ன ஆகிவிடப் போகிறது.

டான்ஸ் இன்னும் முடியவில்லை. ஒரு பையனின் தொப்பி விழுந்து உருண்டது, அவன் எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே ஆடினான். பக்கத்து மேஜையில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பெட்டிக்கு முன்னால் மைக்செட்காரர் சென்னியப்பன் காலை ஆட்டிக்கொண்டு கடலை தின்றார். இவர் கையில்தான் இன்றைக்கு எல்லா வாயும் இருக்கிறது. இந்தப் பள்ளியில் நாடகம் என்றால் மேடையில் பேசக் கூடாது. முன்னாலேயே ஸ்டுடியோவில் பதிந்துகொண்டு வந்துவிட வேண்டும், பிள்ளைகள் வாயசைத்தால் போதும். டிராக் என்று பெயர். எப்போதோ ஒரு பையன் மைக்கில் வசனம் மறந்து 'ஐயையோ' என்றானாம், அது எல்லார் செல்போனிலும் ஏறி ஊர் முழுக்கச் சுற்றியதாம். அரசி தாளாளர் அறைக்குப் போகும் முன் இரண்டு நாள் தயார் செய்தாள். குழந்தைக்கு நாடகம் எதற்கு, பேசத்தானே சார். மறந்தால் மறக்கட்டும், மறந்த இடத்திலிருந்து எழுந்து வரத்தானே சார் சொல்லித் தருகிறோம். அற்புதமான பேச்சு. தாளாளர் ஒத்திகையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர்தான், டீயும் கொடுத்தார். "கதை நல்லாருக்குதுங்க மிஸ். ஆனா லைவ் வேண்டாமுங்க. பேரண்ட்ஸ் அங்கயே எடுத்து அங்கயே ஸ்டேட்டஸ் போடறாங்க. அப்பறம் அந்த ஏரி பொண்ணு... குரல் என்னங்க இப்படிப் பையன் கொரலாட்ட? ஸ்டுடியோவுல பாத்து ஏதாச்சும் பண்ணீட்டு வந்துருங்க." அரசி டீயைக் குடித்து முடித்தாள். "சரிங்க சார்," என்றாள். வெளியே வந்த பிறகுதான் அந்த அற்புதமான பேச்சு முழுவதும் வார்த்தை தவறாமல் ஞாபகம் வந்தது, நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று மனசுக்குள்ளேயே பேசி முடித்தாள்.

ஸ்டுடியோ என்றால் திருவிழா அறிவிப்பும் ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியும் பதிகிற ஓர் அறை. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. மற்ற பிள்ளைகள் பேசி முடித்தார்கள். அவரவர் குரல் அவரவருக்கே பதிவாயிற்று. அஜிதா உள்ளே போனாள். அவளுக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. கை மைக் கம்பியில் பட்டது. "அசையாமப் பேசு பாப்பா," என்றான் பதிவு செய்கிறவன். மறுபடி கை பட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசச் சொன்னான். கட்டிக்கொண்டதும் குரல் செத்துவிட்டது. பாடம் ஒப்பிக்கிற குரல், யாருடையதோ. திரும்பத் திரும்ப. அஜிதாவுக்கு மேலுதட்டில் வியர்த்தது. அப்போதுதான் அரசி உள்ளே போனாள். எதற்குப் போனாள்? காட்டிக்கொடுக்கத்தான். சத்தியமாகக் காட்டிக்கொடுக்கத்தான், இப்படிச் சொல்லு கண்ணு என்று. சொன்னாள். முழுப் பேச்சையும். கல்யாணத்துக்கு அப்புறம், மில் நூல் ஏஜெண்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில், 'சாப்பாடு ஆச்சா', 'கேஸ் வந்துச்சா', 'லைன்ல நில்லுங்க' என்பவற்றைத் தவிர வேறெதையும் உரக்கச் சொல்லியிராத வாய் திறந்துகொண்டது. கடைசியில் அந்தத் தாகத்தையும் சொன்னாள், அஜிதாவின் தாகத்தை, கொஞ்சம் இலக்கணமாக, கொஞ்சம் மெருகாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு செய்கிறவன் நிமிர்ந்து பார்த்தான். "மேடம், இதுவே இருக்கட்டுமே?" இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்னது, "கொஞ்சம் போட்டுக் காட்டுங்க." ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டாள். இன்னொரு தரம் போடச் சொன்னாள். யாரோ ஒரு பெண், நன்றாகப் பேசுகிறாள், எங்கே இருந்தாள் இவ்வளவு நாள் என்று இருந்தது. மூன்றாவது தரமும் போடச் சொன்னதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. வெளியே அஜிதா வாட்டர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "நல்லாருக்குதுங்க மிஸ். நீங்க பேசுனா நெசமாலுமே ஏரி பேசறாப்பல இருக்குது." பாவி, கோபமாவது பட்டிருக்கக் கூடாதா. ஒரு முறைப்பு முறைத்திருந்தால் இந்த நெஞ்சு கொஞ்சம் லேசாகியிருக்குமே. அரசி அவள் தலையைத் தடவி, "உன் குரல்ல அடுத்த வருஷம் பண்ணலாம்," என்றாள். அடுத்த வருஷம் அஜிதா பத்தாவது. பத்தாவதுக்கு மேடை கிடையாது, மைதானம் கிடையாது, அரசி மிஸ்ஸே கிடையாது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். அது அரசிக்கும் தெரியும், அஜிதாவுக்கும் தெரியும். "சரிங்க மிஸ்," என்றாள் அஜிதா.

டான்ஸ் முடிந்தது. கைதட்டல். பிள்ளைகள் வியர்வை வாடையோடு இவளை இடித்துக்கொண்டு ஓடினார்கள். திரை மூடியது. இன்று மதியம் புடவை கட்டிவிடும்போது அஜிதா கேட்டாளே, அதை நினைக்காமல் இருக்க வேண்டும். மடிப்பை எடுத்துக்கொண்டிருந்தாள் அரசி, வாயில் நாலைந்து ஊக்கு. அஜிதா குனிந்து பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "மிஸ், நான் மெதுவாப் பேசிக்கட்டுங்களா? சும்மா வாயை மட்டும் அசைச்சா எனக்கு அழுகை அழுகையா வருதுங்க." வாயில் ஊக்கு. எடுத்துவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம், ஊக்கு என்ன உதட்டோடு தைத்தா இருந்தது? ம்ம் என்று ஒரு சத்தம் கொடுத்தாள். ம்ம் என்றால் சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், அசையாமல் நில் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவள் எப்படி வைத்துக்கொண்டாளோ. தோளில் கடைசி ஊக்கைக் குத்தும்போது அந்தப் பெண்ணின் மூச்சு ஆழமாக இறங்கி ஏறுவது கைக்குத் தெரிந்தது. மேடையில் அழுதுவிடுவாளா. வாயை அசைக்காமல் நின்றுவிடுவாளா. உதடு மூடியிருக்க ஸ்பீக்கரில் என் குரல் மட்டும் தனியாக அலைந்தால் ஊரே சிரிக்குமே. யார் குரல் என்று கேட்பார்களே. இதற்குத்தானா பயம்? அஜிதா சிரிப்புக்கு ஆளாவாள் என்றா, என் குரலைக் கேட்டுச் சிரித்துவிடுவார்கள் என்றா? சீ, என்றாள் வாய்விட்டு. சென்னியப்பன் திரும்பி, "என்னங்க டீச்சர்?" என்றார். "ஒண்ணுமில்லீங்க. டிராக் ரெடிங்களா?" "அது ரெடிங்க."

திரை விலகியது. தொகுத்து வழங்கும் பெண் மேடையின் இந்த ஓரத்தில் நின்ற மைக்கில் ஆங்கிலத்தில் எதையோ அழகாகச் சொல்லி, எழுத்தும் இயக்கமும் திருமதி மங்கையர்க்கரசி என்று தமிழில் தடுக்கி விழுந்து, இறங்கிப் போனாள். மைக் அங்கேயே நின்றது, அணைக்கப்பட்டு. நாடகம் ஓடியது. பேருந்து நிலையம், டீக்கடை, கண்டக்டர், பயணிகள். பதிந்த குரலுக்கு வாயசைக்கும் பிள்ளைகள், பாதி பேர் சத்தம் வருவதற்கு முன்பே வாயை மூடிவிட்டார்கள். முன்வரிசைப் பெற்றோர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மழைச் சத்தம். நீல விளக்கு. அஜிதா வந்தாள். அவள் நடந்து வந்த விதத்திலேயே கூட்டம் அடங்கியது, அதை அரசி தோலில் உணர்ந்தாள். ஸ்பீக்கரில் ஏரி பேசத் தொடங்கியது. என் குரல். மைதானம் முழுக்க, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, மெயின் ரோட்டு வரைக்கும் என் குரல். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியில் இனித்தது, அதை என்ன செய்தும் நிறுத்த முடியவில்லை. முடிந்ததும் யாராவது வருவார்களா, ஏரிக்குப் பேசினது யாருங்க, அடடா, என்ன குரல் என்று? தாளாளர் கேட்பாரா? ஒன்றும் இல்லீங்க, சும்மா, பொண்ணுக்கு வரலீங்க, அதனால நானே, என்று சொல்ல வேண்டிய பதிலையும் அதற்கேற்ற சிரிப்பையும் மனசு எடுத்து வைத்துக்கொண்டது. அஜிதாவின் உதடுகள் சரியாக அசைந்தன. அப்பாடா. எவ்வளவு சரியாக. கெட்டிக்காரப் பெண். கொஞ்சம் பிந்துகிறாளோ? ஒரு மூச்சு அளவு. எங்கே மூச்சு வாங்குகிறாள்? நான் வாங்கிய இடத்தில் இல்லை, அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த இடத்தில். அப்போதுதான் கழுத்து நரம்பைப் பார்த்தாள்.

வாயசைக்கிறவளுக்கு நரம்பு புடைக்காது. அரசி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு ஓரமாகப் போய்த் தலையை நீட்டினாள். ஸ்பீக்கர் இரண்டும் கூட்டத்தைப் பார்த்து இருந்தன. அவற்றுக்குப் பின்னால் இந்த இடத்தில் மட்டும், தன் குரலின் முழக்கத்துக்கு அடியில், இன்னொன்று ஓடுவது கேட்டது. கரகரப்பாக, கனமாக. அஜிதா பேசிக்கொண்டிருந்தாள். மெதுவாக அல்ல, முழுக் குரலில், அடிவயிற்றிலிருந்து, ஒரு சொல்லையும் விடாமல். அவள் நிற்க வேண்டியது மேடை நடுவில். நிற்கவில்லை. ஓரத்தில் நின்ற மைக்கைப் பார்த்து நகர்ந்து நகர்ந்து வந்திருந்தாள், அது உயிரோடு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. கையை அவள் இஷ்டத்துக்கு ஆட்டினாள். இடிக்க அங்கே கம்பி எதுவும் இல்லை. எப்படிப் பேசுகிறாள், ஐயோ, எப்படிப் பேசுகிறாள். என்னுடையது வெறும் வாசிப்பு. நன்றாகத் தேய்த்து மடித்து வைத்த துணி மாதிரி ஒரு வாசிப்பு. மூன்று தரம் போட்டுக் கேட்டேனே. முன்வரிசையில் ஒரு குழந்தை ஸ்பீக்கரையும் அஜிதாவையும் மாறி மாறிப் பார்த்தது. சென்னியப்பன் கடலைக் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு இவள் பக்கம் சாய்ந்தார். "ஏனுங்க டீச்சர், அந்தப் பாப்பா நெசமாலுமே பேசுதாட்ட இருக்குது? டிராக்கை எறக்கீட்டு அந்த மைக்கைத் தெறந்து உடட்டுங்களா? பக்கத்துலதான் நிக்குது, எட்டும்." அவர் விரல் குமிழுக்குப் போய்விட்டது. செய்யலாம். இன்னும் நாலைந்து வரி பாக்கி, தாகம் பாக்கி. இறக்கி ஏற்றினால் முடிந்தது. நடுவில் குரல் மாறினால் ஜனங்கள் குழம்புவார்கள். தாளாளர் கேட்பார். மைக் கீச்சென்று கத்தினாலும் கத்தும். பின்வரிசைக்குக் கேட்காது. இத்தனை காரணங்களும் கேட்காமலே வரிசையில் வந்து நின்றன, ஒவ்வொன்றும் நியாயமான காரணம், அவற்றுக்குப் பின்னால் நின்ற ஒன்றை மட்டும் அவள் பார்க்கவில்லை, பார்க்காமலே அது என்ன என்று தெரிந்தது: அடுத்து வருவது என்னுடைய நல்ல வரி.

"வேண்டாமுங்க," என்றாள். "டிராக்கைக் கொஞ்சம் ஏத்துங்க. பொண்ணு சத்தம் அடியில கேக்குது."

சென்னியப்பன் ஏற்றினார். எனக்குத் தாகமாக இருக்கிறது, என்று ஸ்பீக்கர் சொன்னது, மெருகாக, பெரிதாக, மெயின் ரோடு வரைக்கும். அஜிதாவின் வாய் திறந்து மூடியது. அவள் சொன்னது திரைக்கு ஓரத்தில் நின்ற அரசிக்கே இப்போது கேட்கவில்லை. விளக்கு அணைந்தது, கைதட்டல் எழுந்தது, விசில் வந்தது, முன்வரிசையில் தாளாளர் எழுந்து நின்று தட்டினார். இருட்டில் நீலப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அஜிதா ஓடி வந்தாள். முகமெல்லாம் வியர்வை, மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது. மூச்சு வாங்க அரசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். சிரித்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படிச் சிரித்து அரசி பார்த்ததில்லை.

"மிஸ், கேட்டுச்சுங்களா? நான் பேசுனது கேட்டுச்சுங்களா?"

அரசி முந்தானையை எடுத்து அவள் கன்னத்து மையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வாயசைப்பு ரொம்பச் சுத்தமா இருந்துச்சு," என்றாள்.